யாரும் எதையும் தொடலீங்க

திருப்பூரில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் எந்தப் பனியன் கம்பெனி ஆபீசிலும் நிற்க இடம் கிடைக்காது. வாரச் சம்பள நாள். டெய்லர், செக்கிங், கைமடி, அயர்ன் மாஸ்டர் என்று எல்லாருடைய கணக்கும் விரல்ரேகை மிஷினிலிருந்து சர்வருக்கு வந்து, ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று பிரிந்து, சீட்டாக அச்சாகி வெளியே வர வேண்டும். அன்றைக்கு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீசிலிருந்த அத்தனை கம்ப்யூட்டரும் சர்வரைக் காணோம் என்று கைவிரித்துவிட்டன.

லேபிள் சப்ளை செய்த பில்லுக்குச் செக் வாங்கப் போயிருந்தேன். வாயைத் திறந்தால் செக் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகும் என்பது தொழிலில் கற்ற பாடம். அதனால் அக்கவுண்ட்ஸ் மேசைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அறை மூலையில், பீரோவுக்கு மேலே சுவரில் ஓர் இரும்புக் கூண்டு. அதன் கண்ணாடிக் கதவின் சாவி எப்போதோ தொலைந்துபோய், பனியன் இடுப்புக்குத் தைக்கும் வெள்ளை எலாஸ்டிக் துண்டால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று, அதன் தலையில் கேமராக்களுக்கான 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்று. இரண்டின் மேலும் காற்றுத் துளைகளை மூடிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்திருந்தது. இந்த ஊரில் மின்விசிறி இறக்கையிலும் அதேதான் இருக்கும், மனிதர்களின் மூக்குக்குள்ளும் அதேதான் இருக்கும். கூண்டிலிருந்து நீலமும் சாம்பலுமாகக் கேபிள்கள் வழிந்து சுவரோரம் இறங்கின. எது எங்கே போகிறது என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. லட்சக்கணக்கில் லேபிள் அச்சடித்துக் கப்பலேற்றும் ஊர். கேபிளுக்கு ஒட்ட ஒரு லேபிள் இல்லை.

அக்கவுண்ட்ஸ் பெண் ஸ்டூலில் ஏறி, ஸ்விட்சின் பவர் ஒயரைப் பிடுங்கி, மனதுக்குள் எண்ணிவிட்டுத் திரும்பச் சொருகினாள். விளக்குகள் அணைந்தன, எரிந்தன. கீழே ஐந்தாறு பேர் அவரவர் திரையைப் பார்த்தார்கள். "வந்துருச்சு" என்று ஒரு குரல். "இல்லீங், போயிருச்சு" என்று அதே குரல். அவள் இறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் வந்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா அம்மிணி?" என்றார். அவள் ஒன்றும் பேசாமல் மறுபடி ஸ்டூலில் ஏறினாள்.

நெட்வொர்க்காரர் நாலு மணி வாக்கில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் பை, பின்னாலேயே லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பையன். வந்தவர் ஸ்டூலில் ஏறவில்லை. கூண்டுக்கு எதிரே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, சாமி பார்க்க நிற்பவர் அளவுக்கு நேரமெடுத்து நின்றார்.

"என்னப்பா, சும்மா பாத்துட்டே நிக்கற? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"எத்தன தடவ பண்ணுனீங்க சார்?"

"அது ஒரு அஞ்சாறு தடவ இருக்கும்."

"பண்ணுனா வருதுங்களா?"

அக்கவுண்ட்ஸ் பெண்தான் பதில் சொன்னாள். "வர்ற மாதிரி வருதுங்ண்ணா. ஒரு பேஜ் தொறக்கறதுக்குள்ள படுத்துருது."

அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. நானும் அப்போதுதான் விளக்குகளைக் கவனித்தேன். சாதாரண நாளில் ஸ்விட்ச் விளக்குகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு மினுங்கும். ஒரு மிஷினில் வேலை நடந்தால் அந்தப் போர்ட் துடிக்கும், பக்கத்துப் போர்ட் சும்மா இருக்கும். இங்கே இருபது விளக்குகளும் மாரியம்மன் நோம்பிக்குக் கட்டிய சீரியல் செட் போல ஒரே தாளத்தில், ஒரே வேகத்தில் வெட்டி வெட்டி எரிந்தன.

"லூப்புண்ணா?" என்றான் பையன் மெதுவாக.

"போட்டோ எடு மொதல்ல."

பையன் கூண்டை மூன்று கோணத்தில் போனில் படமெடுத்தான். எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருந்தது என்பதற்கு இனி அந்தப் படம்தான் சாட்சி. பிடுங்கிய பிறகு "இது எங்கே இருந்தது" என்று முழிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவர் அறையைப் பொதுவாகப் பார்த்து, யாரையும் குறிப்பிடாமல் கேட்டார். "மத்தியானம் யாராச்சும் எதையாச்சும் நகத்துனீங்களா? புதுசா எதாச்சும் மாட்டுனீங்களா?"

"யாரும் எதையும் தொடலீங்க."

மேனேஜர், அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங், வாசலில் எட்டிப் பார்த்த வாட்ச்மேன் வரை ஒரே பதில். டாக்டரிடம் போய் "வெளியே ஒண்ணும் சாப்பிடலீங்க" என்கிற அதே நேர்மையான முகங்கள். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். மேசையை நகர்த்துவதும், கூட்டிப் பெருக்குவதும், தொங்குகிற ஒயரை ஒதுக்குவதும் யார் கணக்கிலும் 'தொடுவது' ஆகாது.

லேப்டாப்பில் கறுப்புத் திரை திறந்தது. சர்வரின் முகவரியை அடித்து விடாமல் பிங் ஓட விட்டான் பையன். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. பெரியவர் ஸ்டூலில் ஏறினார். கண்ட கேபிளையெல்லாம் பிடுங்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள்களை விட்டுவிட்டு, வேறு தளங்களிலுள்ள சின்ன ஸ்விட்சுகளுக்குப் போகும் தடித்த மூன்றை மட்டும் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். ஒருவர் தெரியாமல் கைவைக்கக்கூடிய இடம் அந்தச் சின்ன ஸ்விட்சுகள்தாம். கட்டிங் பக்கம் போவதைப் பிடுங்கினார். மாற்றமில்லை, திரும்பச் சொருகினார். அடுத்ததைப் பிடுங்கினார்.

விளக்குகள் சட்டென்று தனித்தனியாயின. லேப்டாப்பில் 'ரிப்ளை' வரிகள். அக்கவுண்ட்ஸ் பெண் கும்பிடவில்லையே தவிர, முகத்தில் அதுதான் இருந்தது.

"இது எங்க போகுது?"

"பேக்கிங்குங்க."

சம்பளச் சீட்டு அச்சாகத் தொடங்கியது. என் செக்குக்கு இன்னும் நேரம் இருந்ததால் நானும் எழுந்து அவர்கள் பின்னால் போனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு ஆள் கூடினால் தெரியாது.

பேக்கிங் செக்ஷன் மாடியில். அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் மேசை. அதன் கீழே, பிரவுன் டேப் சுற்றிக் காலோடு ஒட்டிய ஒரு 8 போர்ட் ஸ்விட்ச், உள்ளங்கை அகலம். பையன் மண்டியிட்டு டார்ச் அடித்தான். ஆறு கேபிள் சொருகியிருந்தது. அதில் ஒரு சாம்பல் கேபிள் மூன்றாம் துளையிலிருந்து கிளம்பி, தரையில் ஒரு வளையம் போட்டு, அதே பெட்டியின் ஏழாம் துளைக்குள் போய் முடிந்தது.

இவ்வளவுதான். ஒரு மீட்டர் ஒயர், முந்நூறு பேர் சம்பளம்.

ஏன் இவ்வளவு பெரிய சேதம் என்பதற்கு விளக்கம் எளியது. ஸ்விட்ச் தனக்குத் தெரிந்த முகவரிக்கு வந்த செய்தியை அந்த ஒரு துளை வழியாக மட்டும் அனுப்பும். 'சர்வர் யாரப்பா?' என்று எல்லாருக்குமாகக் கேட்கும் செய்தியை, வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைகளிலும் அனுப்பும். அப்படி மூன்றில் வெளியே போனது ஏழில் உள்ளே வரும். புதுச் செய்தி என்று நம்பி மறுபடி எல்லாத் துளைகளிலும் அனுப்பும், மூன்று உட்பட. ஏழில் போனதும் மூன்றில் திரும்பும். இணையத்தில் போகும் ஐ.பி. பொட்டலத்துக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் செத்துவிடும். ஸ்விட்சுகளுக்குள் ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அந்த ஆயுள் எண் இல்லை. சுற்றத் தொடங்கினால் யாராவது பிடுங்கும்வரை சுற்றும். கேட்டது ஒரு கேள்வி, சில நொடியில் வழியெல்லாம் அதுவே அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, எந்த மிஷின் எந்தத் துளையில் இருக்கிறது என்று ஸ்விட்ச் வைத்திருக்கும் பட்டியலும் நொடிக்கு நொடி மாறிக் குழம்பும். பவரை அணைத்துப் போட்டால் குப்பை காலியாகும். முதல் மிஷின் முதல் கேள்வி கேட்டதும் திரும்ப நிறையும். அக்கவுண்ட்ஸ் பெண் சொன்ன 'வர்ற மாதிரி வருது' என்பதற்கு அர்த்தம் அதுதான்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன், ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிச் சுற்றுவழியைக் கண்டுபிடித்து அதில் ஒன்றைத் தாமே அடைத்துக்கொள்ளும் ஸ்பானிங் ட்ரீ முறையை உருவாக்கினார். அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். விலை கூடின ஸ்விட்சுகளில் அது இருக்கும். மேசைக்கால்களில் டேப் சுற்றி ஒட்டப்படும் ஸ்விட்சுகளில் பெரும்பாலும் இருக்காது.

"யாரு இத சொருகுனது?" மேனேஜர் மாடிப்படியிலிருந்தே சத்தமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

பேக்கிங் சூபர்வைசர் கீழே பார்த்தார். பையன்கள் டேப் ஒட்டுவதில் மும்முரமானார்கள். துடைப்பத்தோடு ஓரமாக நின்ற அம்மாள்தான் முன்னால் வந்தார். காலையில் இங்கிருந்த ஒரு கம்ப்யூட்டரைச் சர்வீசுக்கு எடுத்துப் போனார்களாம். அதன் ஒயர் தரையில் கிடந்ததாம்.

"கூட்டறப்பக் கால்ல மாட்டுச்சுங். யாராச்சும் விழுந்து வெப்பாங்கன்னு, கீழ ஓட்டை காலியா இருந்துச்சு, சொருகி வெச்சேன்."

மேனேஜர் வாயெடுத்தார். நெட்வொர்க்காரர் முந்திக்கொண்டார். "அக்கா மேல தப்பில்லீங் சார். மிஷின எடுத்தவங்க ஒயரையும் எடுத்திருக்கோணும்." சாம்பல் கேபிளின் இரண்டு முனையையும் பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அடாப்டரைத் தொட்டுச் சூடு பார்த்தார். அதில் அச்சிட்டிருந்த வோல்ட்டும் ஸ்விட்சின் முதுகில் இருந்த வோல்ட்டும் ஒன்றுதானா என்று டார்ச்சில் படித்தார். ஒன்றுதான். காலியாக இருந்த துளைகளில் கருநிற டேப்பைக் கிழித்துக் குறுக்கே ஒட்டினார். அவர் செய்ததிலேயே சாமர்த்தியமான வேலை அந்த டேப்தான் என்று எனக்குப் பட்டது.

கீழே வந்தபோது அடுத்த புகார் தயாராக இருந்தது. எல்லாருக்கும் வந்துவிட்டது, மெர்ச்சண்டைசிங்கில் இரண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் சர்வர் தெரியவில்லை. இன்டர்நெட்டும் இல்லை, பிரிண்டரும் டேலியும் இல்லை. பையன் உட்கார்ந்து ஐ.பி. கான்ஃபிக் அடித்தான். ஆபீஸ் முழுக்க 192.168.1 என்று தொடங்கும் முகவரி. இந்த இரண்டில் மட்டும் 192.168.0. வேறு யாரோ இந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறார்கள். வழங்குபவரின் எண்ணையே பிரவுசரில் அடித்தான். ஒரு வைஃபை ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நின்றது.

பையன் அண்ணாவைப் பார்த்தான். அண்ணா கண்ணாடி அறையைப் பார்த்தார். முதலாளியின் மகன் உட்காரும் அறை. ஜன்னல் திட்டில் இரண்டு கொம்போடு வெள்ளை ரவுட்டர் ஒன்று பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

அறைக்குள் போன் சிக்னல் எடுக்கவில்லை என்று சின்னவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து தானே மாட்டியிருக்கிறார். வெளியிலிருந்து வரும் ஒயரைச் சொருக ரவுட்டரில் தனித் துளை உண்டு. அதை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த நாலு துளைகளில் ஒன்றில் சொருகிவிட்டார். அந்த நாலில் சொருகினால் ரவுட்டர் தன்னையே வீட்டுத்தலைவராக நினைத்துக்கொண்டு கேட்டவருக்கெல்லாம் முகவரி கொடுக்கும். இதுவரை ஏன் தெரியவில்லை? மிஷின்கள் பழைய முகவரியை வைத்தே ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்கு ஆளாளுக்கு அணைத்து அணைத்துப் போட்டதில் எல்லா மிஷினும் புதிதாக முகவரி கேட்க, யார் முந்திப் பதில் சொன்னார்களோ அவர் சொன்னது நிலைத்தது. இரண்டு மிஷினுக்குச் சின்னவர் முந்திவிட்டார். ஸ்விட்ச் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் இந்தக் கோளாறு பிடிபடாது. விளக்கைப் பொறுத்தவரை எல்லாம் சுகமே.

நெட்வொர்க்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டி உள்ளே போனார். கதவு முழுக்க மூடவில்லை.

"தம்பி, இந்த ரவுட்டர்ல ஒரு செட்டிங் தானா மாறியிருக்குதுங். ஒரு நிமிஷம் பாத்துக்கட்டுங்களா?"

"தானாவா?"

"ஆமாங். கரண்டு போய்ப் போய் வந்தா சில சமயம் ஆயிரும்."

முகவரி வழங்கும் வேலையை அதில் நிறுத்திவிட்டு, அதற்கு ஒரு நிரந்தர எண் கொடுத்துவிட்டு வந்தார். சின்னவருக்கு வைஃபையும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. துடைப்பக்கார அம்மாளுக்கு எல்லார் முன்னிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, இவருக்குத் தேவைப்படவில்லை. அடுத்த முறை வேறொரு ரவுட்டர் வாங்கினாலும் அதே துளையில்தான் மாட்டுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

இடையில் அக்கவுண்ட்ஸ் பெண் தயங்கித் தயங்கி, "அண்ணா, என் சிஸ்டம் மட்டும் ரொம்ப நாளாவே மெதுவா இருக்குதுங்" என்றாள். கூண்டில் அவளுடைய போர்ட்டை மட்டும் பார்த்தார். மற்றவை பச்சை, இது ஆரஞ்சு. இந்த ஸ்விட்சில் பச்சை என்றால் 1000 மெகாபிட் வேகம், ஆரஞ்சு என்றால் 100. கேபிளின் இரு முனையிலும் டெஸ்டரை மாட்டச் சொன்னார். எட்டு விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். 1, 2, 3 எரிந்தது. 4 இல்லை. 5 இல்லை. 6, 7, 8 எரிந்தது.

"நீல ஜோடி போச்சு."

நூறு வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். எட்டும் கிடைக்காதபோது பல மிஷின்கள் முயன்று பார்த்துவிட்டு நூறுக்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாது. மேசைக்குப் பின்னால் இழுத்துப் பார்த்தால், முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கேபிள் தோலில் எலிப் பல் பதிந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய டிபன் பை.

பையன் எலி கடித்த துண்டை வெட்டி எறிந்தான். தோலை உரித்து, முறுக்கிய நாலு ஜோடியைப் பிரித்து, கட்டைவிரலால் நீவி நீவிக் கம்பிகளை நேராக்கினான். உதடு அசைந்தது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. வெட்டிச் சமமாக்கி, கனெக்டருக்குள் தள்ளி, கிரிம்பிங் டூலால் ஒரு நெறி. டெஸ்டரில் எட்டும் எரிந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

பெரியவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளித்தோல் கனெக்டருக்குள் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தது. முறுக்கு நீங்கிய வெறும் கம்பிகள் ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்தன. ஒன்றும் சொல்லாமல் வெட்டிக் கீழே போட்டார்.

"எரியுதேண்ணா."

"இன்னிக்கு எரியும். அந்தம்மா நாற்காலிய ரெண்டு தடவ இழுத்தா புடுங்கிக்கும். அரை இஞ்சுக்கு மேல முறுக்கப் பிரிக்காத. தோலையும் சேத்துக் கவ்வோணும்."

இரண்டாவது கனெக்டரில் தோல் உள்ளே போயிற்று. போர்ட் பச்சையானது. அவள் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்து, "அட!" என்றாள்.

வாட்ச்மேனுக்கும் ஒரு குறை இருந்தது. ராத்திரியானால் கடைசி இரண்டு கேமரா தெரிவதில்லை, விடிந்தால் தெரிகிறது. கேமராவைப் பார்க்கக்கூட நெட்வொர்க்காரர் போகவில்லை. கேமரா ஸ்விட்சின் அடாப்டரைத் திருப்பி 60 வாட் என்று படித்துக் காட்டினார். இருட்டினால் எட்டுக் கேமராவிலும் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், ஒவ்வொன்றும் பகலைவிடக் கூடுதல் கரண்டு இழுக்கும், தாங்காதபோது ஸ்விட்ச் கடைசி ஆட்களை இறக்கிவிடும். கேபிள் வழியாகவே கரண்டு கொடுப்பதற்கு 2003-ல் வந்த தரப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், எட்டுக்கு அப்படியே கணக்குப் போட்டால் 120-க்கு மேல் வேண்டும். "இதுக்கு மட்டும் புதுசு வாங்கோணுங் சார், பெரிய பவர்ல" என்றார். மேனேஜர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்.

மணி ஆறைத் தாண்டியிருந்தது. முற்றத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மேனேஜர் 24 போர்ட் ஸ்விட்சை அண்ணாந்து பார்த்தபடி, "பழசாயிருச்சுல்ல, இதையும் மாத்திரலாமா? பன்னண்டாயிரம் ஆகுமா?" என்று கேட்டார். கேட்ட தோரணையில் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றே தோன்றியது. அந்த வியாபாரத்தை ஒப்புக்கொண்டிருந்தால் நெட்வொர்க்காரருக்குக் கமிஷன் கிடைத்திருக்கும்.

"அதுக்கு ஒண்ணும் இல்லீங். நல்லா ஓடும். பஞ்சு மட்டும் மாசத்துக்கு ஒருக்கா ஊதி உடுங்க. இடி மழைல எதிர்ப் பில்டிங்குக்குப் போற ஒயர் வழியா அடிச்சாத்தான் போகும். அதுக்கு ஃபைபர் இழுத்துக்கலாம், அப்பறமா பேசிக்கலாம்."

நான் அந்த ஸ்விட்சைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன். இந்த ஜாதிப் பெட்டியை, ஈதர்நெட் ஸ்விட்ச் என்ற பேரில், 1990 வாக்கில் முதலில் விற்ற அமெரிக்கக் கம்பெனியின் பேர் கல்பனா. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவி பேரை வைத்தார். அந்த முதல் பெட்டிக்கு ஏழே போர்ட். 1994-ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியையே வாங்கிக்கொண்டது.

"எவ்வளவு ஆச்சு?"

"ஆயிரத்து ஐநூறு குடுங்க சார்."

"ஆயிரத்து ஐநூறா? ஒண்ணும் மாத்தலியேப்பா. ஒரு ஒயரப் புடுங்குன, ஒரு ஒயர வெட்டி மாட்டுன."

நெட்வொர்க்காரர் வாதாடவில்லை. இது அவருக்குப் பழக்கமான இடம் போலிருந்தது. பையனிடம் பில் புத்தகத்தை வாங்கினார். பையிலிருந்து ஒரு கவர் கனெக்டரும் நாலு புதுப் பேட்ச் கார்டும் எடுத்து மேசைமேல் வைத்தார். 'கனெக்டர் 20, பேட்ச் கார்டு 4' என்று எழுதி அவற்றுக்கு நேரே 1200 போட்டார். கடைசியாக 'சர்வீஸ் 300'.

மேனேஜர் கனெக்டர் கவரைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். பேட்ச் கார்டுகளை எண்ணினார். மேலிருந்த இரண்டு வரிகளுக்கும் டிக் அடித்தார். சர்வீஸ் வரிக்கு வந்ததும் பேனா நின்றது. 300-ஐ அடித்து 200 ஆக்கிக் கையெழுத்துப் போட்டு, அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் நீட்டினார்.